முதல் நாவலைப் பாதியில் மூடிவைத்தவர்களுக்கு

முதுகலைத் தமிழ் படிக்கும் மாணவ மாணவியருக்கு,



பிரதாப முதலியார் சரித்திரத்தைப் பற்றித் தேர்வில் நீங்கள் எழுதிய விடையை என்னால் பார்க்காமலே சொல்ல முடியும். தமிழின் முதல் நாவல், பிரதாப முதலியார் சரித்திரம். ஆசிரியர், மாயூரம் வேதநாயகம் பிள்ளை. ஆண்டு, 1879. இரண்டு மதிப்பெண். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர், எழுதியது 1857 வாக்கில், அச்சேறியது 1879-இல் என்று பிரித்து எழுதியிருப்பார். இன்னும் துணிந்தவர், 1875-இல் வந்த ஆதியூர் அவதானி சரிதத்தையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்து, அது செய்யுளில் இருப்பதால் கணக்கில் வராது என்று தானே தீர்ப்பும் சொல்லியிருப்பார். நாவலை முழுக்கப் படித்தீர்களா என்று கேட்டால் மட்டும் வகுப்பே மேசையைக் குனிந்து பார்க்கும். எனக்குத் தெரிந்த பேராசிரியர்கள் சிலரும் சேர்ந்து குனிவார்கள்.

உங்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அந்தப் புத்தகம் தாளில் ஏமாற்றந்தான். நாவல் என்று சொல்லிக் கையில் கொடுக்கிறார்கள். நாவலில் எதையெல்லாம் தேடப் பழகியிருக்கிறோமோ அதில் பாதிகூட உள்ளே கிடையாது. ஊர் இருக்கிறது, தெரு தெரியவில்லை. சத்தியபுரி எங்கே இருக்கிறது, அங்கே வெயில் எப்படி அடிக்கும், பிரதாபனின் வீட்டுக் கூடத்துக்கு எத்தனை தூண் என்பதெல்லாம் ஆசிரியரின் கவலை இல்லை. பிரதாபன் ஒன்றைச் சொல்ல ஆரம்பிப்பான், அதற்கு உதாரணமாக ஒரு கதை வரும், அந்தக் கதைக்குள் ஒருவர் வாய் திறந்தால் அவரும் ஒரு கதை வைத்திருப்பார். நடுநடுவே நீதி. கதாநாயகி ஞானாம்பாள் எந்த இக்கட்டிலும் தப்பே செய்வதில்லை. 1896-இல் நூலாக வந்த கமலாம்பாள் சரித்திரத்தை அடுத்துப் படித்தவர்களுக்கு வித்தியாசம் இன்னும் உறைக்கும். ராஜமையர் சிறுகுளத்து வம்பர் கூட்டத்தை நம் கண்முன் உட்கார வைக்கிறார். வேதநாயகம் பிள்ளை யாரையும் உட்கார வைப்பதில்லை. எல்லாரையும் பற்றிச் சொல்லிக்கொண்டே போகிறார்.

இந்தக் குறைகள் ஒன்றையும் நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் அண்மையில் அதே நாவலைக் காதால் கேட்டேன். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

பார்வையற்ற மாணவர்கள் உங்கள் துறையில் நிறையப் பேர் படிக்கிறார்கள். அவர்களுக்காகப் பாடநூல்களை யாராவது வாசித்துப் பதிவுசெய்து தருவது நெடுநாள் வழக்கம். முன்பு ஒலிநாடாவில், பிறகு குறுந்தகட்டில், இப்போது கைப்பேசியிலேயே. எனக்கு வந்து சேர்ந்தது அப்படி ஒரு பதிவு. வாசித்தவர் மயிலாடுதுறைப் பக்கத்து ஓய்வுபெற்ற தமிழாசிரியை. பதிவரங்கம் எல்லாம் கிடையாது. பின்னால் காக்கை கத்துகிறது, குக்கர் விசில் அடிக்கிறது, ஓர் இடத்தில் கதவு தட்டப்பட்டு அந்த அம்மா எழுந்துபோய்த் திரும்பி வருகிறார். தடுக்கினால் ஒரு நொடி நிறுத்தி அந்த வாக்கியத்தையே மறுபடி முதலிலிருந்து எடுக்கிறார். பின்னணி இசை இல்லை. பாத்திரத்துக்குப் பாத்திரம் குரல் மாற்றும் வித்தை இல்லை. அந்தப் பதிவில்தான் நாவல் பிழைத்துக்கொண்டது.

எப்படி என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். முதலில் வாக்கியம். தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 19-ஆம் நூற்றாண்டு உரைநடைக்காரர்கள் அந்த வசதியைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். ஒருவன் போய், கண்டு, கேட்டு, திகைத்து, யோசித்து, திரும்பி, வழியில் இன்னொருவனைச் சந்தித்து, அவன் சொன்னதைக் கேட்டு மனம் மாறி, அப்புறந்தான் ஏதோ ஒன்றைச் செய்து முடிப்பான். அச்சில் இது ஒரு கட்டி. பாதிப் பத்தியில் எழுவாய் யார் என்று மறந்துபோய்க் கண் மேலே ஏறி மறுபடி இறங்கும். இரண்டு தடவை இப்படி ஏறி இறங்கினால் மூன்றாவது தடவை கைப்பேசியை எடுத்துவிடுவோம். வாயால் வாசிக்கும்போது அந்தச் சிக்கலே எழவில்லை. ஒவ்வொரு எச்சத்திலும் அம்மாவின் குரல் சற்றே மேலே போய் நிற்கிறது. இன்னும் முடியவில்லை, இரு என்கிறது. முற்று வரும்போதுதான் தாழ்கிறது. எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே விடுகிறார், அங்கே நாமும் விடுகிறோம். உண்மையில் அந்த வாக்கியங்கள் நீளமே இல்லை. காற்புள்ளி செய்ய முடியாத வேலையைக் குரல் செய்துவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்தது வடசொற்கள். அந்தக் காலத்து உரைநடையில் அவை மிகுதி. நம் எழுத்தில் இருப்பது ஒரே ப, ஒரே க, ஒரே த. பாவம் என்று அச்சில் இருந்தால் செய்த பாவமா, முகத்தில் காட்டும் பாவமா என்று பின்னால் வருவதைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். பழகிய சொல்லில் இது நொடியில் நடந்துவிடும். இப்போது யாரும் புழங்காத சொல் பத்திக்கு நாலு வந்தால் ஒவ்வொன்றிலும் கண் ஒரு சிறு தடை தாண்டுகிறது. ஏன் களைக்கிறோம் என்று தெரியாமலே களைத்துவிடுகிறோம். அந்தச் சொற்களைப் பிறந்ததிலிருந்து வீட்டில் கேட்டு வளர்ந்த ஒருவர் வாசிக்கும்போது, பொருள் தெரியாத சொல்கூட எந்தத் திசையில் போகிறது என்று புரிந்துவிடுகிறது. திட்டா, புகழ்ச்சியா, கிண்டலா என்பதைத் தொனி சொல்லிவிடும். அகராதி பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கிண்டல் என்றேன். இந்த நாவலில் இத்தனை கிண்டல் இருப்பதை நான் காதால்தான் கண்டுபிடித்தேன். பிரதாபன் தன் பிள்ளைப் பருவத்தைச் சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. பணக்கார வீட்டுச் செல்லப் பிள்ளை. வாத்தியார் கைநீட்ட முடியாது. ஆனால் பாடம் தப்பினால் யாராவது அடி வாங்கியாக வேண்டும் அல்லவா? கூடப் படிக்கும் ஏழைப் பையன் கனகசபை இருக்கிறான். பிரதாபன் தப்பு செய்வான், கனகசபை அடி வாங்குவான். தாளில் இதைப் படித்தபோது அந்தக் காலத்துச் சமூக நிலைமை என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துவைத்தேன், ஆய்வேட்டுப் பழக்கம். பதிவில் அம்மா அதை மிக அமைதியாக, உலக வழக்கத்தைச் சொல்வதுபோல வாசிக்கிறார். வாசித்து முடித்து ஒரு கணம் சும்மா இருக்கிறார். அந்த மௌனத்தில் பிரதாபன் தன்னைத்தானே கேலிசெய்கிறான் என்பது விளங்குகிறது. வயதான பிறகு, தன் சின்ன வயது அசட்டுத்தனத்தைத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிச் சிரிக்கும் ஒருவரின் பேச்சு அது. நாவல் முழுவதும் தன்மையில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை நீங்களும் குறிப்பெடுத்திருப்பீர்கள். ஆனால் தன்மை என்பது இலக்கணக் குறிப்பாக நிற்பது வேறு, ஓர் ஆள் எதிரே உட்கார்ந்து நான் என்று சொல்வது வேறு. ஊரும் தெருவும் தூணும் ஏன் இல்லை என்பதற்கும் விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. எதிரே உட்கார்ந்து கதை சொல்லும் யாரும் தூணை எண்ணுவதில்லை.

இங்கே இன்னொன்றும் நடந்தது. வாசித்தவர்கூட அதைத் திட்டமிட்டிருக்க மாட்டார். பெண்குரல் ஒன்று ஓர் ஆணின் கதையை நான், நான் என்று சொல்லிக்கொண்டு வருகிறது. கதையின் பிற்பகுதியில் ஞானாம்பாள் ஆண்வேடம் போட்டு விக்கிரமபுரி என்ற நாட்டுக்கு வருகிறாள். அரசன் இறந்துவிட்டான், வாரிசு இல்லை, யானையின் துதிக்கையில் மாலையைக் கொடுத்து அனுப்புகிறார்கள். யானை நேரே வந்து இவள் கழுத்தில் போடுகிறது. அவள் அரசனாகிறாள், எல்லாரும் ஆண் என்றே நம்புகிறார்கள். பிரதாபனாகப் பேசிக்கொண்டிருந்த பெண்குரல் இப்போது ஆணாக நடிக்கும் பெண்ணாக ஆணை பிறப்பிக்கிறது. தாளில் நம்ப முடியாத திருப்பம் என்று தோன்றிய இடம் காதில் குறும்பு நிறைந்த விளையாட்டாக மாறிவிட்டது. மாலை போடும் யானை நம் நாட்டுக் கதைகளில் எத்தனை அரசர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறது! பாட்டி சொன்னபோது யாரும் ஆதாரம் கேட்கவில்லை. நாவல் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்ததும் கேட்கத் தொடங்கிவிட்டோம்.

இதற்கு மேல் சொல்வது உங்கள் பாடத்திட்டத்துக்கு நெருங்கியது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் நாவலும் வாசிப்பும் என்ற சிறு நூலை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். பார்க்காதவர்கள் தேடிப் படியுங்கள். வாய்விட்டு, பிறர் கேட்கப் படிப்பதே வழக்கமாக இருந்த தமிழ்ச் சமூகத்தில் நாவல் பரவப் பரவத் தனியே, வாய் அசையாமல் படிக்கும் பழக்கம் எப்படி ஊன்றியது என்பதை அந்த நூல் பேசுகிறது. அந்தப் பழக்கம் பரவலானது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் கதைகளை மளமளவென்று எழுதித் தள்ளிய காலத்தில். வேதநாயகம் பிள்ளை அதற்கு ஒரு தலைமுறைக்கு மேல் முந்தியவர். அவர் எழுதும்போது அன்றைய சென்னை மாகாணத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட எழுத்துத் தெரியாது. ஒரு புத்தகம் ஊருக்குள் வந்தால் ஒருவர் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதைக்கும் நல்லதங்காள் கதைக்கும் எழுத்து ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது? மங்கிய விளக்கொளியில், எழுத்துக்கூட்டி, மற்றவர்களுக்காக வாசிப்பவருக்கு அது வசதி. ஆக, தமிழின் முதல் நாவல் எழுதப்பட்டபோது நாவல் வாசகர் என்று ஒருவர் இன்னும் பிறக்கவில்லை. இருந்தவர்கள் கதை கேட்பவர்கள்.

ஆசிரியரைச் சுற்றியிருந்த உலகத்தையும் பாருங்கள். அவருடைய நெருங்கிய நண்பர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. வேதநாயகம் பிள்ளைமேல் குளத்துக்கோவை பாடியவர். அந்த மகாவித்துவான் புராணங்களையே வாயால் சொல்லச் சொல்ல மாணாக்கர்கள் ஓலையில் எழுதினார்கள் என்பதை உ.வே.சா. பதிவுசெய்திருக்கிறார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதி இருந்தது பக்கத்து ஆனைதாண்டவபுரத்தில். அந்தக் கீர்த்தனைகள் கதாகாலட்சேப மேடைக்கென்றே பிறந்தவை. பாகவதர் கதையை நிறுத்திவிட்டு உபகதைக்குப் போவார், ஒரு சிரிப்புக் கதை சொல்வார், நீதி சொல்வார், மறுபடி விட்ட இடத்தில் வந்து சேருவார். யாரும் கதை கலைந்துவிட்டது என்று எழுந்துபோவதில்லை. வேதநாயகம் பிள்ளையே கீர்த்தனைக்காரர். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் நாவலுக்கு முந்தைய ஆண்டு, 1878-இல், வெளிவந்தது. இன்றும் கச்சேரிகளில் அவர் பாட்டுகள் ஒலிக்கின்றன. காதுக்காகவே எழுதிப் பழகிய மனிதர் அவர். தமிழில் உரைநடை நூல்கள் போதவில்லை என்ற குறையைத் தீர்க்க நினைத்தார். உரைநடை எழுதினார் என்பது சரி. அதைக் கண்ணுக்கு எழுதினார் என்று நாமாக எடுத்துக்கொண்டோம்.

தொழிலால் அவர் முன்சீப்பு. தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று நீதிமன்றத்தில் உட்கார்ந்து வாழ்நாளின் நல்ல பகுதியைக் கழித்தவர். முன்சீப்பின் வேலை என்ன? ஆட்கள் வந்து நின்று சொல்லும் கதைகளைக் கேட்பது. வாதி ஒரு கதை, பிரதிவாதி ஒரு கதை, சாட்சி ஆளுக்கொரு கதை. சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்று வெளியிட்டவரும் அவரே. சட்டத்தைச் சாதாரண மக்கள் காதில் போட வேண்டும் என்ற அக்கறை அவருக்கு அப்போதே இருந்திருக்கிறது. இந்த அனுபவம் நாவலில் எங்கே தெரிகிறது என்று தாளில் தேடினால் அகப்படாது. கேட்கும்போது, ஒவ்வொரு உபகதையும் ஒரு வாக்குமூலம் போலவே தொடங்குவது தெரிகிறது. இன்னாருடைய மகன் இன்னார், இன்ன ஊர், இன்னது நடந்தது. வருணனை இல்லை. வருணித்தால் முன்சீப்பு விஷயத்துக்கு வா என்று அதட்டுவார் அல்லவா.

அந்த நீதிமன்ற வாடை மிக அதிகமாக அடிப்பது செருப்பு வழக்கில். கதைச் சுருக்கத்தில் இதை விட்டுவிடுவார்கள், அதனால் சொல்கிறேன். பிரதாபன் விக்கிரமபுரியில் தன் அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுக்கிறான். கூலி பேசவில்லை, உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்கிறான். தைத்து முடித்ததும் காசு கொடுக்கிறான். தைத்தவன், எனக்குச் சந்தோஷம் இல்லை என்கிறான். கூடக் கொடுக்கிறான், அப்போதும் சந்தோஷம் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று வழக்கு. அந்த ஊர் நீதிபதி எப்படிப்பட்டவர் என்பதை அந்தத் தீர்ப்பிலேயே தெரிந்துகொள்ளலாம்: பிரதாபன் சிறைக்குப் போகிறான். எப்படி வெளியே வருகிறான், அந்தச் சந்தோஷ முடிச்சை ஞானாம்பாள் எந்தக் கேள்வியால் அவிழ்க்கிறாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த ஆண்டுத் துணைநூலில் அதுவும் ஒரு மதிப்பெண் வினாவாகிவிடும். தாளில் இந்தப் பகுதி ஒன்றரை நிமிடத்தில் தாண்டிப்போகிற துணுக்கு. அம்மா வாசிக்கையில், சந்தோஷம் இல்லை என்று அந்த ஆள் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் குரலில் ஒரு சோம்பலான பிடிவாதம் கூடுகிறது. பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு நான் சிரித்ததில் பக்கத்து இருக்கைக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார்.

காது எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவில்லை. ஞானாம்பாள் ஆட்சிக்கு வந்த பின்னால் வரும் பிரசங்கங்கள், அரசன் எப்படி இருக்க வேண்டும், அதிகாரிகள் எப்படி நடக்க வேண்டும், கல்வி ஏன் வேண்டும் என்று அடுக்கிக்கொண்டு போகும் பகுதிகள், கேட்டாலும் பிரசங்கந்தான். அம்மாவின் குரலே அங்கே தளர்கிறது. கொஞ்சம் வேகம் பிடித்து ஓட்டப் பார்க்கிறார், பள்ளியில் வருகைப்பதிவு படித்த அதே ஓட்டம். மேல்நாட்டுச் சரித்திரத்திலிருந்து எடுத்த துணுக்குகளும் ஒட்டாமல் நிற்கின்றன. அவற்றைத் தாண்டுங்கள், ஒன்றும் குறையாது. ஞானாம்பாளின் குறையே இல்லாத குணமும் குரலால் மாறவில்லை. பெண்மதி மாலையை 1869-இல் எழுதியவர், பெண் படித்தால் எப்படி விளங்குவாள் என்று காட்ட ஆசைப்பட்டார். ஆசை அளவுமீறிப் பாத்திரத்தை மூடிவிட்டது.

ஆனால் பிரசங்கங்களில் ஒன்றைத் தாண்டாதீர்கள். வழக்காடுபவரும் தமிழர், வக்கீலும் தமிழர், நீதிபதியும் தமிழராக இருக்க, வழக்கு மட்டும் ஆங்கிலத்தில் நடப்பது என்ன கூத்து என்று கேட்கும் பகுதி அது. அச்சில் இது கதைக்குள் செருகிய கட்டுரை. பலர் இதை நாவலின் கட்டுக்கோப்புக் குறை என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். காதில் கேட்கும்போது பிரதாபனும் ஞானாம்பாளும் மெல்ல விலகிப்போகிறார்கள். மாயூரம் முன்சீப்பே நேராகப் பேசுகிறார். புரியாத மொழியில் தன் வழக்கு நடப்பதைக் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்த குடியானவர்களை நாள்தோறும் கண்ட ஒருவருடைய எரிச்சல் அது. தமிழை உயர் நீதிமன்ற மொழியாக்கக் கோரித் தமிழகச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் போட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மொழி இன்றும் ஆங்கிலமே. கதைக்குள் இருந்தவற்றில் பழசாகாத ஒன்று இதுவாகத்தான் இருக்கும். வாசித்த அம்மாவும் இங்கே வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசிக்கிறார். அவரும் ஏதோ ஒரு நீதிமன்றப் படி ஏறியிறங்கியவராக இருக்கலாம்.

உங்கள் ஆசிரியர்கள் சிலர் கேட்கக்கூடும்: கேட்பது வாசிப்பாகுமா? சிலப்பதிகாரத்தை எழுதியவர் காலத்தில் எத்தனை பேர் அதைக் கண்ணால் படித்தார்கள் என்று திருப்பிக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். அந்த விவாதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. ஆய்வேட்டில் மேற்கோள் காட்டப் பக்க எண் வேண்டும், அதற்குத் தாளுக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். ஆனால் காதில் விழுந்த பிறகு தாளுக்குத் திரும்பினால், அந்தக் கட்டி வாக்கியங்கள் எல்லாம் குரலோடு வருகின்றன. நானே சோதித்துப் பார்த்தேன். எங்கே அம்மா மூச்சு விட்டாரோ அங்கே என் கண்ணும் நின்றது.

எல்லா நாவலுக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுந்தர ராமசாமியின் ஜே.ஜே: சில குறிப்புகளை (1981) இப்படிக் கேட்டுப் பார்க்க நினைத்து, ஒரு நண்பரை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒரு வாக்கியத்தில் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது, குரலோ நிற்காமல் போகிறது. அது தனியறைக்கென்றே எழுதப்பட்ட எழுத்து. மாறாக, திரையில் பார்த்தபோது பொறுமையைச் சோதித்த சில பழைய படங்கள் வானொலி ஒலிச்சித்திரமாக வந்தபோது எவ்வளவு சுவையாக இருந்தன என்பதை உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். கோவில் திருவிழாக்களில் திருவிளையாடல் வசனத்தை ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்த தலைமுறை அது. எந்தப் படைப்பு எந்தப் புலனுக்கு உரியது என்பதை அட்டையில் யாரும் அச்சடித்துத் தருவதில்லை.

குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதே நாவலின் சில பக்கங்களைக் கைப்பேசியில் எழுத்தை ஒலியாக்கும் செயலியிடம் கொடுத்துப் பார்த்தேன். சொற்களைப் பெரும்பாலும் சரியாகத்தான் உச்சரித்தது. ஆனால் எச்சம் எது, முற்று எது என்ற உணர்வே அதற்கு இல்லை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறங்குகிறது. கனகசபை அடி வாங்கியதையும் சத்தியபுரியின் பெருமையையும் ஒரே முகத்தோடு சொல்கிறது. மறுபுறம், வீணையும் புல்லாங்குழலும் பின்னணியில் ஓட, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மேடைக்குரல் கொடுத்து வாசிக்கும் பதிவுகளும் உண்டு. அவை இந்த நாவலுக்கு ஆகாது. இதில் பேசுவது ஒரே ஆள். அவர் தனக்குத் தெரிந்தவர்களைப் போலப் பேசிக் காட்டலாமே தவிர அவர்களாகவே மாறிவிடக் கூடாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் விடுதியில் நாலைந்து பேர் சேர்ந்து இந்த நாவலை முறைவைத்து வாய்விட்டு வாசியுங்கள், வாசிப்பதைப் பதிவுசெய்யுங்கள். காப்புரிமைச் சிக்கல் எதுவும் இல்லை, ஆசிரியர் மறைந்தது 1889-இல். மதுரைக்காரர் வாசிக்கட்டும், நாகர்கோவில்காரர் வாசிக்கட்டும். காவிரிக்கரைக் கதை வேறு ஆற்றங்கரைக் குரலில் எப்படி வருகிறது என்று கேட்க எனக்கு ஆசை. ஒரே ஒரு நிபந்தனை, ஒருவர் வாசிக்கும் அதிகாரத்தை அவரே முடிக்க வேண்டும். வாக்கியத்துக்கு வாக்கியம் ஆள் மாறினால் கதை சொல்பவர் காணாமல் போய்விடுவார். முடித்ததும் பதிவை உங்கள் துறையில் தேர்வுக்குப் படிக்கும் பார்வையற்ற தோழரிடம் கொடுங்கள். முதலில் அவருக்குத்தான் அது தேவை.

அதை முடித்தவர்களுக்கு இன்னொரு வேலையும் வைத்திருக்கிறேன். வேதநாயகம் பிள்ளை இரண்டாவதாக ஒரு நாவல் எழுதினார், சுகுணசுந்தரி, 1887. முதல் நாவலையாவது பாதியில் மூடிவைத்தோம்; இதைத் திறந்தவர்களையே நான் அதிகம் பார்த்ததில்லை. தாளில் அது முதலாவதைவிட மெலிந்தது என்பது என் எண்ணம். குரல் அதைக் காப்பாற்றுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. யாராவது முதல் மூன்று அதிகாரங்களை வாசித்து அனுப்பினால் கேட்டுவிட்டு எழுதுகிறேன். குக்கர் விசில் அடித்தால் அழிக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அதே நூலகப் பிரதியைப் பாதியில் திருப்பிக் கொடுத்த ஒருவன்